இனத்துவம் படித்தவர் இப்போது என்ன செய்கிறார்?

தொழில் ஆலோசகர் என்பவர், தனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்ட ஒரே தைரியத்தில் ஊருக்கெல்லாம் வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில், நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்கிருந்த தகுதி, அதே பல்கலைக்கழகத்தில் இனத்துவக் கற்கைகளில் பட்டம் பெற்றிருந்தேன் என்பது. ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போன மக்கள் ஏன் போனார்கள், போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள், அங்கே ஏற்கனவே இருந்தவர்கள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் ஆராய்கிற படிப்பு அது. நான் விளக்கியதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்ட என் அம்மா, "உதுக்கு ஏன் கம்பஸ்? சமைக்கேக்க குசினிக்குள்ள வந்து என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

இதை வாசிக்கிறவர்களில், மருத்துவம், பொறியியல், கணக்கியல் மூன்றும் அல்லாத எதையாவது படித்துத் தொலைத்தவர்கள் இருப்பீர்கள். பிறந்தநாள் விழாவில் "என்ன படிக்கிறீர்?" என்று ஒருவர் கேட்க, நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் சாப்பாட்டு மேசைக்கு ரோல்ஸ் எடுக்கப் போயிருப்பார். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களைச் சுவரில் நேராக்கிவிட்டு ஆறுதலாக வரலாம்.

முதல் வெற்றி

பட்டம் வாங்கிவிட்டு, லண்டனின் தெற்கே சட்டன் என்ற இடத்தில், எங்கள் வீட்டுச் சோபாவில் மூன்று வருடக் கல்வியோடு படுத்திருந்தேன். அப்போது பல்கலைக்கழகத்தின் தொழில் ஆலோசனைப் பிரிவுக்கு ஒரு தற்காலிக ஆள் தேவை என்று அறிவித்தார்கள். பிரிவின் தலைவி அலிசன். தலையில் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி, இரண்டையும் விட்டுவிட்டு மேசையில் மூன்றாவதைத் தேடுகிற பெண்மணி.

விஷயத்தை அவர் ஒளிக்காமல் சொன்னார். இனத்துவக் கற்கைகளுக்கு மாணவர் வரவு குறைந்துவிட்டது. வசந்த காலத்தில் ஒரு குழு கூடி, படிப்பை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும். பட்டம் வாங்கி அரை வருடம் கழித்து ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று தொலைபேசியில் கேட்க வேண்டும், அந்தப் பதில்களைத்தான் குழு பார்க்கும். இளமாணி என்கிற முதல் பட்டப் படிப்பை மூடினால் அதற்கு மேலுள்ள முதுமாணிப் படிப்பும் போய்விடும். அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த முதுமாணிப் படிப்பில்தான் எனக்கு இடம் கிடைத்திருந்தது. உலகத்தில் எனக்குச் செய்ய விருப்பமான ஒரே காரியமும் அதுதான். என் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்து தூங்கியவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தால்தான் நான் மேலே படிக்கலாம். வேலையை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

அலிசன் என் கையைக் குலுக்கினார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி, பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியலில் என் பெயரைக் கண்டுபிடித்தார்.

"நல்லது, இந்தப் படிப்பால் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மற்றவர்களையும் பார்ப்போம்."

லெக்சரர்

என் உத்தியோகத்தை அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு முழு இரவுச் சாப்பாடு ஆனது. வேலை இல்லாதவர்களுக்கு வேலை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அவர் நம்பவே இல்லை. முதுமாணிப் படிப்பைப் பற்றிச் சொன்னபோது பேச்சுக்கே இடமில்லை. "ஒருக்கால் விட்ட பிழையை இன்னொருக்கால் விடுறதே? எக்கவுண்டன்சிக்கு அப்ளிகேசன் போடு" என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார். சட்டியைப் போட்டுத் தேய்க்கிற சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் அம்மா வெள்ளிக்கிழமைகளில் போகும் லூயிஷாம் கோயிலில் கதை வேறாக இருந்தது. அங்கே அவர் கேட்டவர்களுக்கெல்லாம் மகள் கம்பஸில் லெக்சரர் என்று சொல்லியிருந்தார். எனக்கு இது தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அவருடைய பேத்தி, கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு.

"லெக்சரர் எண்டால் கணக்கும் சொல்லிக் குடுப்பீர் தானே, பிள்ளை?"

துண்டுப் பிரசுரம்

எங்கள் அலுவலக வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் அடுக்கி வைத்திருந்தோம். பளபளப்பான தாள். இனத்துவக் கற்கைகளில் பட்டம் பெற்றவர் ஆசிரியராகலாம், சட்டத்தரணியாகலாம், சமூக சேவையாளராகலாம், அருங்காட்சியகத்தில் பணியாற்றலாம், பத்திரிகையாளராகலாம் என்று அதில் போட்டிருந்தது. படத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணும், ஒரு சீனப் பையனும், ஒரு வெள்ளைக்காரனும் ஒரே கணினியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கணினியில் அப்படி என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிச்சயமாக வேலை வாய்ப்பு இல்லை.

கிங்ஸ்பரியிலிருந்து நிரோஷன் வந்தான். என் வகுப்புத்தான், என்னைவிட ஒரு வயது இளையவன், அதனால் அக்கா என்பான். கூடவே அவனுடைய அப்பா. ஆலோசனைக்கு அப்பாவோடு வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, எழுதவேண்டி வரும் என்று அலிசன் நினைத்திருக்கவில்லை. அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிரசுரத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஆசிரியர் எண்டால்? அதற்கு இன்னொரு வருடம் படிக்க வேண்டும் என்றேன். லோயர்? அதற்கும் மேலே படிக்க வேண்டும். சமூக சேவை? அதற்கும்தான். அருங்காட்சியகம்? அதற்கு முதலில் சும்மா போய் வேலை செய்து, பிறகு படிக்க வேண்டும். நிரோஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப, இந்தப் பட்டத்தை வைச்சு எடுக்கக்கூடியது இன்னொரு பட்டம்தான், என்ன பிள்ளை?"

இவர்தான் உச்சம்

படித்துக்கொண்டே போனால் எங்கே போய்ச் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு உதாரணமாக ஒருவர் கிடைத்தார். சிங்கப்பூர்த் தமிழர், பெயர் மாறன். இளமாணி, முதுமாணி, கலாநிதி மூன்றையும் இதே துறையில் முடித்தவர். நன்றாக அயர்ன் செய்த சட்டை, தோல் பை, மிகவும் மரியாதையான பேச்சு. படிப்புக்கு இதற்கு மேல் படி கிடையாது. அவர் என் அறைக்குள் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் பிரசுரம் எதையும் கேட்கவில்லை. என் மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வெப்பமூட்டியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க. உங்க கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

நேர்முகம்

டேனியல் ஆங்கிலேயப் பையன். எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன். லண்டன் தமிழரைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினான். அதற்காகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், முழங்கால் மேசையில் இடிக்க, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ படித்தவன். லூயிஷாமில் தமிழ் முதியோருக்கான ஒரு பகல்நேர நிலையத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவனை அனுப்பினேன். இவனைவிடப் பொருத்தமான ஆள் இங்கிலாந்திலேயே இல்லை என்று எனக்கு நிச்சயம்.

போன முதல் நாளே, தேநீர் வேளையில், முதியவர்களோடு உட்கார்ந்து தான் படித்ததைப் பிரயோகித்திருக்கிறான். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள், கூட யார் வந்தது, அவர் இப்போது எங்கே என்று சுத்தமான தமிழில் வரிசையாகக் கேட்டிருக்கிறான். மூன்று வருடம் எங்களுக்குக் கேட்கச் சொல்லித் தந்த கேள்விகள் அவை. நிலையத்தின் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார். கோபமே இல்லை, கவலைதான்.

"தம்பி நல்ல பெடியன், பிள்ளை. ஆனா உந்தக் கேள்வியெல்லாம் அகதி விசாவுக்கு ஹோம் ஒபிசில கேட்டு முடிஞ்சுது எண்டு ஆக்கள் தேத்தண்ணியையும் வைச்சிட்டு எழும்பிப் போட்டினம்."

ஆங்கிலத்தில் ஒரு அழைப்பு

தை மாதம் தொலைபேசிக் கணக்கெடுப்புத் தொடங்கியது. பட்டதாரி வீட்டில் இல்லாவிட்டால் வீட்டார் சொல்கிற பதிலும் செல்லும் என்பது விதி. அலிசன் வசனங்களை எழுதித் தந்திருந்தார். நான் தொண்டையைச் செருமி, செய்தி வாசிப்பவரின் குரலை வரவழைத்துக்கொண்டு, இன்ன பெயருடையவர் அங்கே வசிக்கிறாரா, அவர் இப்போது என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எங்கள் படிப்பில் தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் வீடு ஒவ்வொன்றிலும் ஒரே பதில்தான் வந்தது. வேலை இல்லை. முந்தியும் இல்லை. சில வீடுகளில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை.

நிரோஷன் வீட்டில் அவனுடைய அப்பா எடுத்தார். என் முன்னால் உட்கார்ந்து பிரசுரத்தை ஆராய்ந்த அதே மனிதர். என் குரலை அவர் அடையாளம் காணவில்லை. மகன் ஏதாவது வேலை செய்கிறாரா என்றேன். இல்லை என்றார். வேலை தேடுகிறாரா? இல்லை. அப்படியானால் பகலில் என்னதான் செய்கிறார் என்று, வசனத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்.

"நோ வேர்க் மடம். ஒன்லி ஸ்லீப்பிங்."

தமிழில் ஒரு அழைப்பு

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் எனக்கு மண்டையில் ஏறியது. வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு அது ஒரு அலுவலகம். நகரசபைக் கவுன்சிலோ, உதவிப் பணம் தரும் பெனிபிட்டோ, அதைவிடப் பெரிய இடமோ. வந்த நாள் முதல் அலுவலகங்களுக்குப் பதில் சொல்லியே களைத்தவர்கள். இல்லை என்று சொன்னால் எந்தத் தொல்லையும் வராது என்று பழகிவிட்டார்கள். லூயிஷாம் முதியவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பியதும் இதனால்தான். நினைக்க மனம் கனத்தது. சரி, நாளை தமிழில் கேட்போம் என்று தீர்மானித்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நிரோஷன் வீட்டில் அம்மா எடுத்தார். "வணக்கம் அம்மா, உங்கட மகன் இப்ப என்ன செய்யிறார் எண்டு அறியத்தான் எடுத்தனான்" என்றேன். அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் அணைந்தது. கதிரை இழுபட்டது. பிறகு வந்த குரலில் தேன் சொட்டியது. மகன் ஒரு சட்டக் கம்பனியில் மனேஜர். தனி அறை. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார். குடி இல்லை, வெறி இல்லை, நல்ல உயரம். நான் அலிசனின் வசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, முழுநேரமா பகுதிநேரமா என்று கேட்டேன். முழுநேரம்தான், சனி ஞாயிறும் விடமாட்டார்கள், அவ்வளவு பிடிப்பு என்றார். தேவைக்கு மேலேயே பதில் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"இருங்கோ பிள்ளை, பொம்பிளை என்ன படிச்சவ?" என்றார். அப்போதுதான் நான் எதற்குள் காலை விட்டிருக்கிறேன் என்று விளங்கியது. தமிழ்க் குரல் ஒன்று கல்யாண வயதுப் பையனின் உத்தியோகத்தை விசாரித்தால் வேறு என்ன நினைப்பார்கள்? பதறிப்போய், என்ன படித்தாய் என்று யார் கேட்டாலும் சொல்கிற பழக்கத்தில், "இனத்துவக் கற்கைகள்" என்று சொல்லிவிட்டேன். அவருடைய மகன் படித்த அதே படிப்பு. அந்தப் பக்கம் தொலைக்காட்சி மறுபடி சத்தம் போடத் தொடங்கியது.

"அப்பிடியே... நாங்கள் ஒருக்கால் யோசிச்சுப்போட்டுச் சொல்லுறமே."

குணா அண்ணையின் உதவி

பெண் குரல்தான் பிரச்சினை, ஆண் குரல் என்றால் சம்பந்தம் பேசுவதாக நினைக்கமாட்டார்கள் என்று பக்கத்து அறைக் குணா அண்ணை முன்வந்தார். மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, பதிவாளர் அலுவலகத்தில் வேலையாகி, இங்கேயே தலை நரைத்தவர். நல்ல மனது. நாலைந்து வீடுகளுக்கு எடுத்தார். பெண் பிள்ளைகளின் வீடுகளில் அவருடைய தமிழைக் கேட்டதுமே வெளிநாட்டு மாப்பிள்ளை வீடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் ஒரே காலையில் டொக்டரும் லோயரும் ஆனார்கள். ஒரு தாய், மலேசியாவில் சொந்த வீடா, மாமியார் கூட இருப்பாரா என்று திருப்பிக் கணக்கெடுத்தார். குணா அண்ணை ரிசீவரை வைத்துவிட்டு, தன் நரைத்த தலையைத் தடவியபடி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொண்ணு தேடி அலைஞ்சப்ப இந்த நம்பரையெல்லாம் யாரும் எனக்குக் குடுக்கலையே லா, தங்கச்சி."

அலிசனின் தீர்வு

இரண்டு விதமான பதில்களையும் அலிசனின் மேசையில் வைத்தேன். ஆங்கிலத்தில் கேட்டால் ஒருவருக்கும் வேலை இல்லை. தமிழில் கேட்டால் ஒருவர்கூட மனேஜருக்குக் கீழே இல்லை. ஆட்கள் அதே ஆட்கள். அலிசன் தலைக் கண்ணாடியையும் கழுத்துக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நான் அலுவலகப் பயத்தையும் சம்பந்தம் பேசும் முறையையும் விளக்கினேன். மூன்று வருடப் படிப்பு முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது அன்றுதான். அவர் ஒவ்வொரு வார்த்தையையும் மதித்துக் கேட்டார். மிகவும் நியாயமான மனுஷி.

"இரண்டுக்கும் சராசரி எடுக்க முடியாதா, வாசுகி?"

அவரவர் வாயால்

கடைசியில் ஒவ்வொருவரையும் கைத்தொலைபேசியில் பிடித்து நேரடியாகக் கேட்பது என்று முடிவாயிற்று. முதலில் யாரும் என்னை நம்பவில்லை. அம்மாவா கேட்கச் சொன்னது என்பதே எல்லோருடைய பதிலும். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் உண்மை வந்தது. ஒருத்தி ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். ஒருவன் அருங்காட்சியகத்தில் பெட்டி தூக்கிவிட்டு, அதைத் தூக்குவது பற்றி மேலே படிக்கப் போகிறான். டேனியலைக் கேட்டேன். கேள்வி கேட்பது எப்படி என்று முதலிலிருந்து கற்க வேண்டும், முதுமாணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றான். அவன் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிரோஷன் ஒரு சுப்பர்மார்க்கட்டின் பின்பக்கத்தில் நின்று பேசினான். காலை ஷிப்ட். தூங்கவும் இல்லை, மனேஜரும் இல்லை. அவனுக்கும் அதே முதுமாணிப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் சட்டம் படிக்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறான். படிப்பை மூடிவிடுவார்களா என்று அவனும் பயந்துபோயிருந்தான். தெரியாது, இதுவரை நல்லதாக ஒன்றும் கையில் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

"மூடினால் மூடட்டும் அக்கா, ப்ளீஸ், அம்மாட்ட மட்டும் லோ படிக்கப் போறான் எண்டே சொல்லி வையுங்கோ."

சட்டன் நம்பர்

பட்டியலில் மிஞ்சியது என் பெயர். என்னையே நான் கேட்டு எழுதக்கூடாது என்பது அலிசனின் கண்டிப்பு. என் கைத்தொலைபேசிக்கு எடுத்தால் மேசையில் நானே இருந்து பதில் சொல்வேன், அதுவும் கூடாதாம். ஆகவே குணா அண்ணை சட்டனில் எங்கள் வீட்டுக்கு எடுத்தார், அலிசன் பக்கத்தில் இருக்க, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு. லெக்சரர் என்று அம்மா சொன்னால், அசல் லெக்சரர்கள் மேல்மாடியில்தான் இருந்தார்கள். எக்கவுண்டன்சிக்குப் போகிறாள் என்று சொன்னால் அப்படியே பதிவாகும். முதுமாணி என்ற சொல் அம்மாவின் வாயில் வராது. சட்டி தேய்த்து முடித்த வழக்கு அது.

"வணக்கம்மா. உங்க மக வாசுகி இப்ப என்னா செய்யறாங்க?" என்றார் குணா அண்ணை. தொலைக்காட்சிச் சத்தம் அணைந்தது. எனக்குத் தெரிந்த அறிகுறிதான். "தம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அம்மா. மலேசியா என்றார் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்கினார். "தம்பி, உள்ளதைச் சொல்லுறன். கோயிலில அவ லெக்சரர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன், அது பொய். அவ வேலை தேடுற பிள்ளையளுக்கு வழி சொல்லுறா. வீட்டை வந்து சாப்பிடேக்கையும் அந்தப் பிள்ளையளின்ர கதைதான். இன்னும் ஒரு வருசம் உந்தப் படிப்பையேதான் படிக்கப் போறாவாம். நான் வேண்டாமெண்டு சொல்லிப் பாத்தன், மறிக்க ஏலாது. இப்ப நானே சொல்லுறன், படிக்கட்டும். அதுக்குச் சம்மதமெண்டால் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி இந்த நம்பருக்குத் திரும்ப எடுக்காதேங்கோ."

என்னால் நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை. அழுதுவிட்டேன், அதை மறைக்கவும் இல்லை. தமிழ் தெரியாத அலிசன் தன் கழுத்துக் கண்ணாடியை எனக்கு நீட்டினார், கைக்குட்டை என்று நினைத்தாரோ என்னவோ. குணா அண்ணை அலிசனின் வசனத் தாளைத் தேடி எடுத்தார். கடமை தவறாதவர். முழுநேரமா, பகுதிநேரமா அம்மா என்று வசனப்படி கேட்டார்.

"முழுநேரம்தான் தம்பி, அவவுக்கு ஒண்டையும் அரைகுறையாச் செய்யத் தெரியாது."

குழுவின் தீர்ப்பு

வசந்தத்தில் குழு கூடியது. எங்கள் பட்டதாரிகளில் வேலையில் இருந்தவர்கள் சொற்பம். ஆனால் பக்கத்தில் 'மேற்படிப்பு' என்று ஒரு நிரல் இருந்தது, அது மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. இவ்வளவு பேரை இவ்வளவு ஆர்வத்தோடு மேலே படிக்க அனுப்பும் வேறு துறையே இங்கில்லை என்று குழு வியந்ததாம். படிப்பு தப்பியது. என்னையும் சேர்த்து முதுமாணி வகுப்பு முதல்முறையாக நிரம்பியது. நிரம்பியதால் இன்னொரு விரிவுரையாளர் தேவைப்பட்டார், என் மேசைக்குக் காத்திருந்த மாறன் மேல்மாடிக்கு அசல் லெக்சரராகப் போய்ச் சேர்ந்தார். சட்டை அயர்ன் செய்தது வீண் போகவில்லை.

என் ஒப்பந்தத்தை மட்டும் நீடிக்கவில்லை. எல்லோரும் படிக்கத்தான் போகிறார்கள் என்றால் வேலை சொல்ல ஒரு ஆள் எதற்கு என்று குழுவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அலிசன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவருக்கு உண்மையிலேயே மனவருத்தம், மூன்று கண்ணாடிகளும் அன்று கையில் இருந்தன.

"உங்கள் ஆலோசனை முழு வெற்றி, வாசுகி, அதனால்தான் இனி நீங்கள் தேவையில்லை."

ஆகவே சகபாடிகளே, இனத்துவம் படித்தால் எதிர்காலமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: அதையே மறுபடி படிக்கலாம், இடம் காலியானால் அதையே படிப்பிக்கலாம், என்ன செய்கிறாய் என்று உலகம் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும், வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு ஆள் இருந்தால் தலை நிமிர்ந்தே வேலை இல்லாமல் இருக்கலாம்.